பதினெட்டு மணி நேரம்

டெவானி வீட்டுக் கிணற்று நீரைப்
புட்டியில் பிடித்து மூடுகிறேன்.
மணமில்லை, நிறமில்லை.
வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினால்
அதற்குள்
கல்மதிலும் மாடும் மேகமும்
தலைகீழாக நிற்கின்றன.

"நாற்பத்தொரு வருஷமாகக் குடிக்கிறேன்,
ஒருநாள் வயிறு நொந்ததில்லை."
ஃபெர்கல் டெவானி பொய் சொல்கிறவரல்ல.
அதுதான் சிக்கல்.

கால்வேயின் இந்தப் பக்கம் தரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை.
பாறை என்று பேர், குணம் சல்லடை.
இங்கே ஏரிகூட நிலைப்பதில்லை.
நவம்பரில் வயலில் வந்து உட்காரும்,
மே மாதம்
வாடகை பாக்கி வைத்தவனைப் போலச்
சொல்லாமல் ஒரு குழிக்குள் இறங்கிவிடும்.
ஏரிக்கே வழி தெரிந்த மண்ணில்
சாணிக் கரைசலுக்கா தெரியாது?

திங்கள் அன்று வயலுக்குத் தெளித்தார்கள்.
செவ்வாய் இரவு மழை.
புதன் காலை
முற்றத்துக்கு அந்தப் பக்க வாடகை வீட்டில்
ரோசாஞ்செலா குழாயைத் திறந்து
மகனுக்கு ஆரஞ்சுச் சாறு கலக்கினாள்.

இறைச்சி ஆலையில் எலும்பு நீக்குகிறவள்.
அங்கே கை கழுவச் சொல்லி நான்கு அறிவிப்புகள்,
காலணிக்கு ஒரு தொட்டி,
கத்திக்கு எண்பத்திரண்டு டிகிரி வெந்நீர்.
வீட்டுக் குழாய்க்கு மேல்
எதுவும் எழுதியிருக்கவில்லை.

"பிரேசிலில் மண் வடிகலத்தில் ஊற்றித்தான் குடிப்போம்.
போகிற இடம் அயர்லாந்து,
அங்கே எதற்கு என்று
தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தேன்."
மருத்துவமனையிலிருந்து, தொலைபேசியில்,
நான் கேட்காமலே சொன்னாள்.

இகாரோவுக்கு மூன்றரை வயது.
முதலில் வயிற்றுப்போக்கு. அப்புறம் அதில் ரத்தம்.
அப்புறம் ஒரு பகல், ஓர் இரவு
சிறுநீரே இல்லை.
டப்ளினில் ஓர் இயந்திரம்
அவன் ரத்தத்தை வெளியே எடுத்துக்
கழுவித் திருப்பித் தருகிறது.
தண்ணீரைக் கழுவாததற்கு
ரத்தத்தைக் கழுவுகிறார்கள்.

ஆய்வகத்தில் பொடியைக் கலந்து,
தட்டின் குழிகளில் நிரப்பி,
முப்பத்தைந்து டிகிரிச் சூட்டில்
அடைகாக்க வைக்கிறேன்.
பொரியக் கூடாது, பொரியக் கூடாது என்று
வேண்டிக்கொண்டே வைக்கிற முட்டை.
பதினெட்டு மணி நேரம்.

மறுநாள் தட்டெல்லாம் மஞ்சள்.
விளக்கை அணைத்துப்
புற ஊதாக் கதிரின் கீழ் பிடித்தால்
நீலம்.
குழிக்குக் குழி நீலம்.
பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன்,
இன்னும் வெட்கமாக இருக்கிறது,
அழகாயிருக்கிறது.

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே.
பழித்தேன்,
படிவத்தில், இரண்டு பிரதிகளில்.

டெவானி கண்ணாடியைத் தேடியெடுத்து
முழுவதும் வாசித்தார்.
"அப்போ எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?"
"உங்கள் குடலுக்குப் பழகியிருக்கலாம்."
அவர் முகத்தைப் பார்க்க முடியாமல்
நானே ஒரு கதவைத் திறந்துவிட்டேன்:
"கிணறு என்று உறுதியில்லை.
பையன் கன்றுகளுக்குப் பால் காட்டுவானாமே,
அவை கையை நக்கினாலும் வரும்."

அவர் அந்தக் கதவு வழியே போகவில்லை.
"திங்கள் தெளித்தது நான்" என்றார்.
"மழை வரும் என்று வானொலியில் சொன்னார்கள்."
பிறகு,
"அவன் பேரை எப்படி எழுதுவது?
ஒரு கடுதாசி போடணும்.
எட்டு மாதமாக 'டேய்' என்றுதான் கூப்பிட்டேன்."

வீட்டுக்கு வந்து கெண்டியை நிரப்பும்போது
பாதியில் குழாயை மூடினேன்.
ஏழு மைல் தள்ளி, அதே பாறை.
மதிலுக்கு அந்தப்புறம் மாடுகள்.
பன்னிரண்டு வருஷம்.
ஊரார் கிணறு எத்தனை!

காரிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வந்தேன்.
உரிமையாளர் பெயர் என்ற இடத்தில்
என் பெயரை எழுதப்
பேனாவை
இரண்டு முறை உதற வேண்டியிருந்தது.